நூற்றிநாலில் முள்ளுக் கத்தரி

14 ஜூன் 2025, சனி

இது 2014-ஆம் வருஷத்து டைரி. ஒரு பெயிண்ட் கம்பெனி, அப்பா வேலை பார்த்த லாட்ஜுக்குக் கொடுத்தது, லாட்ஜ் அப்பாவுக்குக் கொடுத்தது. அப்பா அதைப் பீரோ மேல் பதினோரு வருஷம் வைத்திருந்தார். "கிழமையெல்லாம் இந்த வருஷம் அப்பிடியே வரும்டா, வீணாக்காத" என்று நேற்று எடுத்துக் கொடுத்தார். நம்பாமல் போனில் சரிபார்த்தேன். வருகிறது. வருஷத்தை மட்டும் அடித்துத் திருத்தினால் போதும். சில பக்கங்களில் அவருடைய பென்சில் கிறுக்கல் உண்டு: மோட்டார் காயில் கட்டணும், குழாய் வாஷர். அழித்துக்கொள்ள ரப்பரும் கொடுத்தார். பாதி ரப்பர்.

அம்மா தினம் எத்தனை அடி நடக்கிறாள் என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறார் பிசியோதெரபிஸ்ட் வேதா. அதற்குத்தான் டைரி. இடுப்பு மூட்டு மாற்றி ஆறு வாரம் ஆகிறது. இன்று வாக்கரோடு பதினாறு அடி.

எழுத வேண்டியது முடிந்துவிட்டது. பக்கம் பாக்கியிருக்கிறது. காலியாக விட்டால் அப்பாவுக்கு மனசு கேட்காது.

15 ஜூன், ஞாயிறு

காலையில் அம்மா கேட்டாள்: "நூத்திநாலு காச்சிருக்கா?"

வெளியாள் கேட்டால் நாங்கள் லாட்ஜ் நடத்துகிறோம் என்றுதான் நினைப்பான். அப்பா தேரடி வீதி லாட்ஜ் ஒன்றில் இருபத்தொன்பது வருஷம் எலக்ட்ரீஷியன், பிளம்பர், எல்லாம். போன வருஷம்தான் நின்றார். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் வருஷாவருஷம் அங்கே பாத்ரூம் பக்கெட்டுகளை மாற்றுவார்கள். விரிசல் விட்ட பழையதெல்லாம் எங்கள் மொட்டைமாடிக்கு வந்து பூந்தொட்டியாகிவிடும். "ஓட்ட போடற வேல மிச்சம்" என்பார் அப்பா. ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயிண்டில் ரூம் நம்பர். அதுவே செடிக்குப் பெயர். 104 முள்ளுக் கத்தரி. 207 வெண்டை. 301 கறிவேப்பிலை. செடி பட்டுப்போனால் 'ரூம் காலி'. புதிதாக நட்டால் 'ஆள் வந்தாச்சு'.

"பூ வெச்சிருக்கு" என்றார் அப்பா. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ஃபேனைப் பார்த்தார்.

மாடியில் பூவும் இல்லை, செடியும் இல்லை, பக்கெட்டும் இல்லை.

எழுதித்தான் ஆக வேண்டுமா? சரி. மே 3. 212-ஆம் பக்கெட்டிலிருந்து கசிந்த தண்ணீர், அதில் பாசி, பாசியில் வழுக்கி அம்மா விழுந்தாள். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பாவிடம் சொன்னேன்: "உங்க குப்பதான் அம்மாவ தள்ளிவிட்டுச்சு." அன்று மத்தியானமே வீட்டுக்கு வந்து, காயலாங்கடைக்காரரை வண்டியோடு வரவழைத்து, முப்பத்தொரு பக்கெட்டையும் ஏற்றிவிட்டேன். செடிகளைப் பிடுங்கி, மண்ணைப் பக்கத்துக் காலிமனையில் கொட்டியாயிற்று. ஒரு மணி நேர வேலை. கோளாறுக்குக் காரணம் எதுவோ அதை எடுத்துவிடு என்றுதான் பாலிடெக்னிக்கில் சொல்லிக்கொடுத்தார்கள். எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் விசாரித்தது மாடியைத்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்: "எல்லாம் நல்லாருக்கு." என்னைக் காப்பாற்றத்தான். அந்தப் பொய்க்கு இது ஐந்தாவது வாரம்.

18 ஜூன், புதன்

22 அடி. "மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி வெச்சிட்டா நானே ஏறிப்பேன்டா" என்கிறாள். பார்க்கலாம் என்றேன்.

22 ஜூன், ஞாயிறு

அப்பா மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கி, லுங்கி மடிப்பில் மறைத்துக்கொண்டு படியேறுகிறார். மேலே பத்து நிமிஷம் வெறும் தரையில் நிற்கிறார். சத்தம் கேட்க வேண்டுமே என்று ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் ஊற்றுகிறார். பிறகு இறங்கி வந்து காயை முறத்தில் போட்டு, "நூத்திநாலு" என்கிறார்.

அம்மா ஒன்றை எடுத்துக் காம்பைத் தடவிப் பார்த்தாள். "ம்" என்றாள். குழம்பு நன்றாக இருந்தது.

பல் தேய்க்கும்போது குழாயை மூடவில்லை என்று என்னை அடித்த மனிதர். ஒரு குடம் தண்ணீரைத் தரையில் கொட்டுகிறார். தினமும்.

5 ஜூலை, சனி

செக்கப்புக்கு ஆட்டோவில் போனோம். ஏறும்போது ஒரு முறை கத்தினாள், இறங்கும்போது ஒரு முறை. நடுவில் ஸ்பீட் பிரேக்கருக்கு ஒன்று. அந்த சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விடுகிறது. புது மூட்டுக்கு அது ஆகவே ஆகாது, கழன்றுகொள்ளும் என்கிறார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து அளந்தேன். தரையிலிருந்து அம்மாவின் முழங்கால் 43 செ.மீ. சீட் 50-க்குக் குறையக் கூடாது. 60-ஐத் தாண்டினால் ஏற முடியாது.

கார் வாங்குகிறேன். முடிவு.

10 ஜூலை, வியாழன். பௌர்ணமி

மத்தியானத்திலிருந்தே செங்கம் ரோட்டில் கிரிவல ஜனம். எங்கள் சந்து முனையில் காலடிச் சத்தம்தான். மாசம் தவறாமல் மலை சுற்றியவள், மூன்றாவது பௌர்ணமியாக ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். "அய்ய, செருப்பு போட்டுக்கினு சுத்துறான் பாரு" என்று முன்பின் தெரியாத யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அப்பாவின் டிவிஎஸ் ஐம்பது நினைவுக்கு வந்தது. தீபத்துக்கு முந்தைய வாரங்களில் லாட்ஜ் பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி இரண்டு கோபுரமாக்குவார். கேரியரில் நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். இறக்கம் வந்தால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிடுவார். உடனே எல்லாம் அமைதியாகிவிடும். காற்று மட்டும் பக்கெட்டுக்குள் புகுந்து 'ஹூம்' என்று ஊதும். நானும் கூடவே ஹூம் என்பேன். முன்னாலிருந்து அப்பாவும். தெருக் கோடி வரை மூன்று பேர் ஊதிக்கொண்டு வருவோம்: நான், அப்பா, பக்கெட்.

ஏழாம் வகுப்பில் குமரேசன் பார்த்துவிட்டான். மறுநாளிலிருந்து என் பெயர் கலையரசன் இல்லை. 'பக்கெட்டு'. பத்தாவது முடிகிற வரை அதுதான். அதற்குப் பிறகு நான் வண்டியில் ஏறவில்லை என்று நினைக்கிறேன். சரியாக நினைவில்லை.

அந்த ஹூம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

20 ஜூலை, ஞாயிறு

பழைய கார் புரோக்கர் ஒருவன் நேர்மையானவன் என்று ஆபீசில் சொன்னார்கள். அவலூர்பேட்டை ரோட்டில் ஷெட். போய்ப் பார்த்தால், குமரேசன். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறான். முதல் வார்த்தை: "டேய் பக்கெட்டு!"

டேப்பை எடுத்து சீட்டுகளை அளக்க ஆரம்பித்தேன்.

"இன்னாடா, காருக்கு பேன்ட் தைக்கப் போறியா?"

ஏழு கார் அளந்தேன். எனக்குக் கட்டுப்படியாகிறதெல்லாம் 46, 47 செ.மீ. உட்கார்ந்தால் பின்பக்கம் இன்னும் உள்ளே வாங்குகிறது. ஏன் இப்படிக் குழி என்று கேட்டேன்.

"பக்கெட் சீட்டு மச்சி. உன் பேரு போட்ட சீட்டு. வேற இன்னா வோணும் உனக்கு?"

அங்கே சிரிக்கவில்லை. வெளியே வந்து சிரித்தேன்.

உயரமான புது வண்டிகள் அம்மாவுக்குச் சரியாக இருக்கின்றன. பம்ப்செட் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியரின் சம்பளத்துக்குச் சரியாக இல்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

கைத்தடிக்கு மாறிவிட்டாள். 140 அடி. வாசல் வரை போனவள் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பதினொரு படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை.

"கலை, கைப்பிடி இன்னா ஆச்சு?"

"மொதல்ல கார் வரட்டும்மா."

"ஏழு முழம் பைப்புக்கு வழியில்ல, காரு வாங்கறானாம்."

அப்பா சிரித்துவிட்டார். மே மாசத்துக்குப் பிறகு இதுதான் முதல் சிரிப்பு. உடனே, சிரித்தது தப்பு என்பது போல பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், கம்பெனி யார்டில் ஒன்றரை இன்ச் ஜி.ஐ. பைப் துண்டுகள் கிடக்கின்றன. கேட்டால் கொடுப்பார்கள். வெல்டிங் எனக்கே தெரியும். அரை நாள் வேலை. ஆனால் கைப்பிடி வைத்தால் ஏறுவாள். ஏறினால் பார்ப்பாள்.

அரை நாள் வேலையிலிருந்து தப்பிக்க ஐந்து வருஷக் கடன் வாங்கப் பார்க்கிறேன். அப்பாவைக் கஞ்சன் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? என்னைப் போன்ற ஊதாரி இந்தத் தெருவில் உண்டா?

17 ஆகஸ்ட், ஞாயிறு

வேதா மேடம் வந்தபோது என் அளவுப் பட்டியலைக் காட்டினேன். பதினாலு கார், படம் வரைந்து. பொறுமையாகப் பார்த்துவிட்டு, "சார், வீட்ல ஜவுளிக்கட கவர் இருக்கா?" என்றார்.

இருக்கிறதாவா! அம்மாவின் மெத்தைக்கு அடியில் எனக்குக் காது குத்தியபோது துணி எடுத்த கவர்கூட இருக்கும்.

"கெட்டியான ஃபோம் ஒண்ணு வெட்டி அந்தக் குழிய நெரப்புங்க. பின்னாடி ஒசரம் ஜாஸ்தி, முன்னாடி கம்மி. அது மேல கவர விரிங்க. அம்மா முதுகு காட்டி உக்காந்து, ரெண்டு காலையும் சேத்து அப்பிடியே திரும்பணும். கவர் வழுக்கிக் குடுக்கும். அப்பறம் அத உருவிடுங்க, அவ்ளோதான். இதுக்கு எந்தக் காரா இருந்தா இன்னா சார்?"

ஒரு மாசம் டேப்பும் கையுமாக அலைந்தேன். ஒரு கவர்.

திரும்பிப் பார்த்தால், அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து லாட்ஜ் மெத்தைத் துண்டு ஒன்றை ஏற்கெனவே இழுத்துக்கொண்டிருந்தார்.

"எத்தன சென்டிமீட்டர்டா?"

மூன்றரை மாசத்தில் அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"பின்னாடி எட்டு, முன்னாடி ரெண்டு."

அறுத்தார். அளந்தேன். எட்டுக்கு எட்டு, இரண்டுக்கு இரண்டு.

12 செப்டம்பர், வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. மாடித் தண்ணீர் குழாய் வழியாக வாசலில் கொட்டியது. அம்மா நாற்காலியைப் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மழை பிடிக்கும்.

18 அக்டோபர், சனி

டாக்டர் சொல்லிவிட்டார்: "கைப்பிடி இருந்தா தாராளமா மாடி ஏறலாம். நல்லதுதான்."

அம்மா என்னைப் பார்த்தாள். நானும் அப்பாவும் ஒரே டைல்ஸைப் பார்த்தோம்.

வெளியே வந்ததும் அப்பா என் காதருகில், "நர்சரிலருந்து பத்து செடி வாங்கிட்டு வந்து வெச்சிடலாமா?" என்றார்.

"நம்பருக்கு இன்னாப்பா பண்றது?"

"செவப்பு பெயிண்ட் இருக்குடா. கொஞ்சம் காஞ்சிருக்கு. மண்ணெண்ண ஊத்தினா ஆகும்."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாழ்நாளெல்லாம் எதையாவது ஒட்டிப் பற்றவைத்தே பிழைத்தவர், இப்போது என் தப்பையும் ஒட்டிப் பார்க்கிறார்.

"வேணாம்ப்பா. நானே சொல்லிடறேன்."

சொல்லவில்லை. தீபாவளி கழியட்டும்.

5 நவம்பர், புதன்

போனஸ் முன்பணத்துக்கு ஆயிற்று. 2015 மாடல், வெள்ளை, ஒரே ஓனர். சீட் 46, ஃபோமோடு 54. இன்று லீவு போட்டு எடுத்தேன்.

"நல்ல நாளா காலண்டர பாத்து எடுடா" என்று அம்மா நேற்றே சொன்னாள். காலண்டரெல்லாம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்றேன். பார்த்திருக்க வேண்டும். பௌர்ணமி. ஊருக்குள் ஒரு வண்டியையும் விடவில்லை.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், என் முதல் காரைத் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் வெளியூர் வேன்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு நாலு கிலோமீட்டர் நடந்து வந்தேன். "எந்த ஊரு தம்பி?" என்று போலீஸ்காரர் கேட்டார். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சாவியை நீட்டினேன். அம்மா வாங்கிப் புரட்டிப் பார்த்தாள்.

"நல்லாருக்குடா. காரு இன்னும் எவ்ளோ பெருசு இருக்கும்? சட்டப் பாக்கெட்ல வருமா?"

16 நவம்பர், ஞாயிறு

இந்தப் பக்கத்தில் அப்பாவின் பென்சில் வரி ஒன்று இருக்கிறது. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

காலை எட்டு மணிக்கு அம்மாவைக் காரில் ஏற்றினோம். கவரை விரித்து, முதுகு காட்டி உட்கார்ந்து, வேதா சொன்ன மாதிரி திரும்பினாள். சர்ரென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கத்தவில்லை. கவரை உருவினேன். அம்மா அதை வாங்கி, நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்பா பின்சீட்டில்.

"எங்கம்மா போலாம், கோயிலுக்கா? அடி அண்ணாமலை பக்கம் ஒரு சுத்து சுத்தி வரலாமா?"

"லாட்ஜுக்கு விடு."

"லாட்ஜுக்கா?"

"தீபம் வருதில்ல. பக்கெட்டு மாத்தற நேரம். வேற எவனாவது வாரிக்கினு போறதுக்குள்ள போவணும்."

"அதெதுக்கும்மா இப்ப, மேலதான்…"

"மேல இன்னாடா இருக்கு?"

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பார்த்தேன். பின்னால் அப்பா ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஏற்றினார்.

"என் கத்தரிக்கா காம்பு முள்ளு கையில குத்தும். நீங்க ரெண்டு பேரும் போட்டதுல ஒண்ணாவது குத்துச்சா? வெண்டக்கா வாங்கினாரே உங்கப்பா, மார்க்கெட்டு ரப்பர் பேண்டோட. மழ பேஞ்சா மேலருந்து வர தண்ணி செம்மண்ணா வரும். இந்த வருசம் குடிக்கிற தண்ணி கணக்கா வந்துச்சு."

"ஏம்மா கேக்கல?"

"நீ சொல்றியான்னு பாத்தேன்."

நான் சொன்னேன். மே மாசத்திலிருந்து எல்லாவற்றையும். காயலாங்கடை வண்டி, காலிமனை, வராந்தாவில் அப்பாவிடம் சொன்ன அந்த வார்த்தை உட்பட. அம்மா திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"ஏங்க, இவன்தான் சின்னப் பையன். நீங்க இன்னாத்துக்குத் தெனம் ஏறி எறங்கினீங்க?"

"பையன் கோவத்துல செஞ்சிட்டான். நீ வேற படுத்துக் கெடந்த…"

"சரி, நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு நானும் உட்டுட்டேன். வண்டிய எடுடா."

லாட்ஜ் மேனேஜர் பின்கட்டைத் திறந்துவிட்டார். காரிலிருந்து இறங்காமலே அம்மா நம்பர் நம்பராகக் கேட்டாள். நூற்றிநாலு இருந்தது. மொத்தம் பதினாறு. டிக்கியில் பத்து, மிச்சத்தை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அப்பா பின்சீட்டில் மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தேன். கோபுரத்துக்கு மேல் அவர் முகவாய். நான் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.

இறக்கத்தில் எல்லா ஜன்னலையும் இறக்கிவிட்டேன். இன்ஜினை அணைக்கவில்லை, இந்த வண்டியில் அணைத்தால் பிரேக் இறுகிவிடும். ஆனாலும் காற்று வந்தது. ஹூம். பின்னாலிருந்து கூடவே இன்னொரு ஹூம், மெதுவாக. பிறகு நானும்.

"பைத்தியம் புடிச்சிருக்கா ரெண்டு பேருக்கும்?" என்றாள் அம்மா.

இப்போது அந்தப் பென்சில் வரி. 16 நவம்பர் 2014, ஞாயிறு:

*பழைய பக்கெட் 18. கலை வரல. ரெண்டு நடை.*

ரப்பர் மேஜைமேல்தான் இருக்கிறது. அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதுகிறேன்:

பழைய பக்கெட் 16. கலை போனான். ஒரே நடை.

23 நவம்பர், ஞாயிறு

கைப்பிடி வைத்தாயிற்று. அரை நாள் என்று கணக்குப் போட்டேன். அதற்கும் குறைவாகத்தான் ஆனது. பழைய பி.வி.சி. பைப்பைப் பிளந்து, பக்கெட் வரிசைக்கு அடியில் வடிகால் ஓட்டியிருக்கிறேன். இனி ஒரு சொட்டும் தரையில் தங்காது. இதை மே 4-ஆம் தேதியே செய்திருக்கலாம்.

வெல்டிங்குக்கு முன்னால் அப்பா ரசமட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது…"

"கொஞ்சம் மேல தூக்குடா. குமிழி நடுவுல வரல."

தூக்கினேன். வந்தது.

நாலு மணிக்கு அம்மா ஏறினாள். பதினொரு படி, நடுவில் ஒரு முறை நின்று. நான் காலிமனையிலிருந்து சலித்து எடுத்த மண்ணோடு பின்னால் ஏறினேன். அதே மண்தான். பழைய வேர்கள் இன்னும் இருந்தன.

மேலே பதினாறு பக்கெட். மண் மட்டும். அம்மா இடுப்பிலிருந்து அந்த ஜவுளிக்கடை கவரை எடுத்துப் பிரித்தாள். உள்ளே லாட்ஜ் சோப்பு டப்பா ஒன்று. அதில் சாம்பலில் புரட்டிய முள்ளுக் கத்தரி விதை. போன வருஷம் எடுத்து வைத்ததாம். நூற்றிநாலில் தூவி, மண்ணை விரலால் மூடினாள். பிறகு கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு எல்லா நம்பரையும் ஒரு சுற்று பார்த்தாள்.

அப்பா கேட்டார்: "இன்னா தங்கம், எல்லா ரூமும் காலியா கீது?"

"தீபம் வருதில்ல," என்றாள் அம்மா. "ஃபுல்லாயிடும்."